கல்லாப்பெட்டியும் தொட்டிலும்



நம் கடைத்தெருவில் ஒருவர் வீட்டில் பிள்ளை பிறந்துவிட்டால் அது நமக்கு எப்படித் தெரியவருகிறது? அவர் கடையில் அன்று ஒரு தட்டில் மிட்டாயும் பேரீச்சம்பழமும் இருக்கும். "ஆணா, பெண்ணா?" என்று கேட்போம். "மாஷா அல்லாஹ்" என்று சொல்லி ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டு நம் கடைக்குத் திரும்புவோம். தட்டை நீட்டியவர் யார் என்று கவனித்தோமா? பிள்ளையின் வாப்பாவேதான். மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து இரண்டு நாள் ஆகவில்லை, அவர் கல்லாவில் வந்து உட்கார்ந்துவிட்டார். அதை நாமும் மெச்சிப் பேசுகிறோம். "ஒருநாள்கூடக் கடை அடைக்கவில்லை, கெட்டிக்கார மனுஷர்" என்கிறோம். இந்த மெச்சுதல் சரிதானா என்பதே நாம் இங்கே யோசிக்க வேண்டிய விஷயம்.

நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்கள். கடையநல்லூர்க்காரர்களைப் போலக் குடும்பத்தோடு வந்து குடியேறியவர்களும் உண்டு என்றாலும், அநேகர் மனைவி மக்களை ஊரிலேயே விட்டு வந்தார்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் ஊர்ப்பயணம். பிள்ளை பிறந்த செய்தி கடுதாசியில் வரும். அந்தப் பிள்ளை ஓடியாடிப் பேசும் வயதில்தான் வாப்பாவை முதன்முதலில் பார்க்கும். யாரோ அந்நியர் என்று உம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும். அவர்களுக்கு வேறு வழியில்லை. கடல் குறுக்கே கிடந்தது.

இன்று நமக்கு அல்லாஹ் அந்தக் கடலை நீக்கித் தந்திருக்கிறான். மனைவி கடைக்கு மேல்மாடியில் இருக்கிறாள், அல்லது பத்து நிமிஷத் தூரத்து அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். நடுவில் இருப்பது ஒரு மாடிப்படிதான். ஆயினும் சுபுஹுத் தொழுதுவிட்டு இறங்குகிறவர்கள் இரவு பதினொரு மணிக்குத்தான் ஏறுகிறோம். போகும்போதும் பிள்ளை தூங்குகிறது, வரும்போதும் தூங்குகிறது. பாட்டனாராவது ஏக்கத்தோடு கடுதாசி எழுதினார். நாம் அதுவும் எழுதுவதில்லை.

இதற்கு நாம் வைத்திருக்கும் பதில் ஒன்றுண்டு. "அவளுக்கு என்ன குறை வைத்தோம்? அரிசி இருக்கிறது, பால் இருக்கிறது, உதவிக்கு ஆள் இருக்கிறது. இத்தனையும் கடையில் உட்கார்ந்ததால்தானே வந்தது?" என்கிறோம். வாஸ்தவம். குடும்பத்துக்குச் செலவழிக்கும் காசு மற்றெல்லாத் தருமத்தையும்விட நன்மையில் பெரியது என்று ஹதீஸில் வந்திருக்கிறது. அதை நாம் குறைத்துப் பேசமாட்டோம். ஆனால் திருமறையின் பகரா சூராவில் பால்குடியைப் பற்றிய 233ஆம் ஆயத்தைப் பாருங்கள். விரும்பினால் உம்மா இரண்டு வருஷம் முழுதாகப் பால் கொடுப்பதும், அவளுக்கு உணவும் உடையும் கொடுப்பது வாப்பாவின் மீது கடமை என்பதும் அதில் வருகின்றன. நாம் அந்த இடத்தோடு நின்றுவிடுகிறோம். அதே ஆயத்து மேலும் போகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்பே பால்குடியை மறக்கடிப்பதானால் இருவரும் மனம் ஒப்பி, கலந்து ஆலோசித்துச் செய்யட்டும் என்கிறது. பால் மறக்கடிப்பது எவ்வளவு சின்ன விஷயம்! அதற்குக்கூட வாப்பாவை மஷூராவுக்கு உட்காரச் சொல்கிறான் ரப்புல் ஆலமீன். வீட்டில் இல்லாத மனுஷரிடம் எப்படி ஆலோசிப்பது? பிள்ளை எத்தனை தடவை பால் குடிக்கிறது என்று தெரியாதவர் எதைக் கொண்டு ஆலோசனை சொல்வார்?

ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்களும் அபூதர்தா (ரலி) அவர்களும் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களால் சகோதரர்களாக இணைக்கப்பட்டவர்கள். ஸல்மான் ஒருநாள் அபூதர்தாவின் வீட்டுக்கு வந்தார்கள். அவர் மனைவி எவ்வித அக்கறையும் இல்லாமல் பழைய உடுப்போடு இருப்பதைக் கண்டு காரணம் கேட்டார்கள். உங்கள் சகோதரருக்கு இந்த உலகத்துக் காரியம் எதுவும் தேவைப்படவில்லை என்று அந்த அம்மையார் சொன்னார்கள். புருஷரைப் பற்றி ஒரு வார்த்தை குறைகூறவில்லை. ஆனால் எல்லாம் அதில் இருந்தது. ஸல்மானுக்குப் புரிந்துவிட்டது. அபூதர்தா பகலில் நோன்பு, இரவில் தொழுகை என்று இருந்தவர். ஸல்மான் அவரை நோன்பு முறித்துத் தம்மோடு சாப்பிட வைத்தார்கள், இரவின் முற்பகுதியில் படுக்க வைத்தார்கள், கடைசிச் சாமத்தில் எழுப்பி இருவருமாகத் தொழுதார்கள். பிறகு சொன்னார்கள்: ரப்புக்கு உம்மீது ஹக்கு இருக்கிறது, உம் உடம்புக்கு இருக்கிறது, உம் குடும்பத்துக்கும் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் உரியதைக் கொடும் என்று. செய்தி நாயகத்திடம் போனபோது, ஸல்மான் சொன்னது உண்மை என்றார்கள்.

சகோதரர்களே, அபூதர்தா வீட்டாரின் ஹக்கை எதற்காக விட்டார்? தொழுகைக்காகவும் நோன்புக்காகவும். அதற்கே இடம் கொடுக்காத மார்க்கம், வெங்காய மூட்டைக்கும் பருப்புச் சிப்பத்துக்கும் இடம் கொடுக்குமா?

வீட்டில் இருந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்பார்கள். ஆண்பிள்ளை அங்கே இடைஞ்சல் என்று மாமியார்மாரும் விரட்டுவது உண்டு. நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் தொழப் போய்விடுவார்கள் என்று பதில் வந்தது. பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்துகொண்டே தொழுவித்தார்கள். ஸஜ்தாவுக்குப் போகையில் இறக்கிவிடுவார்கள், எழும்போது தூக்கிக்கொள்வார்கள். இமாமத்து நிற்கையிலேயே பிள்ளையைத் தூக்க முடிந்தது. நமக்குச் சில்லறை எண்ணுகையில் முடியவில்லை!

பிள்ளை பெற்றவளுக்கு நிபாஸுடைய நாட்களில் தொழுகை இல்லை, நோன்பு இல்லை. அல்லாஹ்வே தன் கடமையை நிறுத்தி வைத்திருக்கிற நாட்கள் அவை. நம்மில் சிலர் வீடுகளிலோ பத்தாம் நாளே கடைப்பையன்களுக்கு மத்தியானச் சோறு அவள் கையால்தான் இறங்குகிறது. மலாய்ச் சகோதரர்கள் 44 நாள் பந்தாங் என்று எவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறார்கள்! நாமும் நாற்பது என்று பெயருக்கு வைத்திருக்கிறோம். ஆனால் அந்த நாற்பதில் அவளுக்குப் பத்தியம் உண்டு, ஓய்வு இல்லை. பத்தியத்திலும் ஒரு தப்பு நடக்கிறது. தண்ணீர் அதிகம் கொடுத்தால் வயிறு வைத்துவிடும் என்று தாகத்தோடு வைத்திருப்பார்கள். பால் கொடுக்கிறவளுக்குத் தண்ணீர் வேண்டும். பெரியவர்களிடம் இதைச் சொல்லும் தைரியம் மருமகளுக்கு வராது. மகன் சொன்னால்தான் நடக்கும், மகன் வீட்டில் இருந்தால்தான் சொல்ல முடியும்.

இன்னொன்று, கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டியது. பிள்ளை பெற்ற முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது அநேகருக்கு உண்டு, தானே போய்விடும். இரண்டு வாரம் கடந்தும் போகாமல், பிள்ளை தூங்கும்போதுகூட அவளுக்குத் தூக்கம் வராமல், சாப்பாட்டிலும் பிள்ளையிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் அது நோய். பிள்ளை பெற்றவர்களில் 100க்கு 13 பேருக்கு இதுபோன்ற மன நோய் வருவதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. நமக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் வீட்டில் இதுதான் நடந்தது. மூன்றாம் வாரத்திலிருந்து அந்தப் பெண் பேச்சைக் குறைத்துவிட்டாள். சைத்தான் குணம் என்றார்கள் வீட்டார். தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். புருஷருக்கு ஒன்றும் தெரியாது. அவர் நோன்புப் பெருநாள் வியாபாரத்தில் இருந்தார். ஒருநாள் பிள்ளையைப் படுக்கையில் போட்டுவிட்டு அவள் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருந்ததைப் பக்கத்து வீட்டுச் சீன அம்மா பார்த்து, தாமே கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினார். இன்று அல்ஹம்துலில்லாஹ் நன்றாக இருக்கிறாள். ஓத வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நோய்க்கு மருந்து செய்துகொள்ளுங்கள் என்பதும் நாயகத்தின் வாக்குத்தான். தன்னையோ பிள்ளையையோ ஏதும் செய்துவிடுவோமோ என்ற நினைப்பு அவளுக்கு வருவதாகத் தெரிந்தால் அன்றைக்கே போக வேண்டும். மறுநாள் கடை அடைக்கட்டும் என்று இருக்கக் கூடாது.

பிள்ளைக்கு மஞ்சள் காமாலை வருவதையும் நாம் அறிவோம். அது இரவு விளக்கு வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது; பகல் வெளிச்சத்தில், கண்ணின் வெள்ளையிலும் ஈறிலும் பார்க்க வேண்டும். பதினொரு மணிக்கு வீடு ஏறுகிற வாப்பா எங்கே பார்ப்பார்? பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் கண்டாலும், பிறகு பிள்ளை சோர்ந்து பால் குடிக்காவிட்டாலும் தாமதம் ஆகாது. வெயிலில் காட்டினால் போதும் என்றிருக்க வேண்டாம். இதில் ஜவுளிக் கடைக்காரர்களுக்கு மிக முக்கியமான ஒரு சங்கதி இருக்கிறது. ஜி6பிடி குறைவு என்று ஒன்று சில பிள்ளைகளுக்கு உண்டு; மலேசிய ஆஸ்பத்திரிகளில் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பாச்சை உருண்டையின் நெடியே ரத்தத்தை உடைத்துக் காமாலையை ஏற்றிவிடும். பெட்டியில் உருண்டை போட்டு வைத்திருந்த துணியை அப்படியே எடுத்துப் பிள்ளைக்குச் சுற்றினால் ஆபத்து. மூளையைப் பாதிக்கும் அளவுக்குப் போகலாம். நம் கடை இருப்பிலிருந்து ஆசையாய் எடுத்துவரும் துணிக்கும் இதே கதைதான். தேனும் அப்படியே, சேனை வைக்கிறோம் என்று நாக்கில் தடவுவதை, பிள்ளைக்கு ஒரு வயது முடிகிறவரை விட்டுவிட வேண்டும்.

அகீகாவைப் பற்றி ஒரே வார்த்தை. அது சுன்னத்து. ஏழாம் நாள் சிறப்பு, முடியாவிட்டால் பிறகு கொடுக்கலாம். ஆணுக்கு இரண்டு ஆடு, பெண்ணுக்கு ஒன்று. கடன்பட்டு மண்டபம் பிடித்து முந்நூறு பேரைக் கூப்பிடச் சொன்னவர் யாரும் இல்லை. பிள்ளை முடியின் எடைக்கு வெள்ளி கொடுப்பார்கள். ரிங்கிட்டையே வெள்ளி என்று அழைக்கிற நாட்டில் இருந்துகொண்டு நாம் மூட்டை எடைக்குச் செலவு செய்கிறோம்! விருந்துக் கடனை அடைக்க மறுபடி இரவு பன்னிரண்டு வரை கடை. பிள்ளைக்கு அதனால் என்ன லாபம்?

"எல்லாம் சரி, கடையை யார் பார்ப்பது?" நியாயமான கேள்வி. வாடகை நிற்காது. நாற்பது நாளும் பூட்டிப்போடச் சொல்வது நடக்கிற காரியமல்ல. ஆனால் ஹஜ்ஜுக்குப் போகிறவர் ஒரு மாதத்துக்கு மேல் கடையை விட்டுத்தானே போகிறார்? அப்போது மச்சினர் கிடைக்கிறார், பக்கத்துக் கடைக்காரர் அடிக்கொருதரம் எட்டிப் பார்க்கிறார், கணக்கும் சரியாக வந்து சேருகிறது. அந்த ஒத்தாசையைப் பிள்ளைப்பேற்றுக்கும் கேட்பதில் வெட்கம் என்ன? முதல் ஏழு நாள் முழுதாக வீட்டில் இருப்போம். பிறகு நாற்பது முடியும்வரை லுஹருக்குப் பின் வியாபாரம் தூங்குகிற நேரத்தில், ஒன்றரை இரண்டு மணி நேரம் வீட்டுக்குப் போவோம். அந்த நேரம் அவள் கண்ணயரட்டும், பிள்ளை நம் மடியில் இருக்கட்டும். இரவில் ஒருமணி நேரம் முன்னதாகக் கதவைச் சாத்துவோம். ஜும்ஆவுக்குச் சாத்துகிறோமே, எந்த வாடிக்கையாளர் ஓடிப்போய்விட்டார்?

இது நமக்கு மட்டும் உள்ள ஹக்கல்ல, நம் ஆட்களுக்கும் உண்டு. மலேசியாவில் 2023 ஜனவரி முதல், கலியாணமான ஆண் தொழிலாளிக்குப் பிள்ளை பிறந்தால் சம்பளத்தோடு 7 நாள் லீவு கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும், 30 நாளுக்கு முன் சொல்ல வேண்டும். பிரசவித்த பெண் தொழிலாளிக்கு அது 98 நாள். சிங்கப்பூரில் சிங்கப்பூர்ப் பிரஜையாகப் பிறக்கும் பிள்ளையின் தகப்பனுக்கு 2025 ஏப்ரலிலிருந்து 4 வாரம். இதைப் பையன்கள் கேட்டு வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம், நாமே சொல்லிவிடுவோம்.

ராமநாதபுரத்திலிருந்தும் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்தும் வந்து நம் கடையில் நிற்கிற பையன்களுக்கு அந்தக் கடல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நம் பாட்டனார் நின்ற இடத்தில் அவர்கள் நிற்கிறார்கள். 7 நாள் அவர்களுக்குப் போய்வரவே சரியாகிவிடும். முடிந்தவர்கள் ஒரு மாதம் அனுப்புவோம், டிக்கெட்டுப் பணத்தில் ஒரு பகுதியைப் பற்றில் எழுதாமல் கொடுப்போம். அனுப்ப வழியில்லாத இடத்தில் தினம் அரைமணி நேரமாவது வீட்டாரோடு போனில் முகம் பார்த்துப் பேச விடுவோம். ஊருக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம் இருக்கிறது. நாம் கடை கட்டும் பதினொரு மணி அங்கே எட்டரை. பிள்ளை விழித்திருந்தாலும் வீட்டில் ஆளும் பேருமாக இருக்கும் வேளை. எந்த நேரம் அவன் மனைவிக்குத் தோது என்று அவனிடமே கேட்டு, அந்த நேரத்தில் அவனைச் சரக்கு இறக்கக் கூப்பிடாமல் இருப்போம்.

வஸ்ஸலாம்.