சொல்லாமல் மாற்றலாமா?

சிலாங்கூரின் செகிஞ்சான் வயல்களில் ஆண்டுக்கு இரண்டு போகம் நெல் விளைகிறது. ஆனாலும் 2023 செப்டம்பரில் மலேசியக் கடைகளில் உள்நாட்டு அரிசி கிடைப்பது அரிதாயிற்று. அந்த ஆண்டு ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை விதித்திருந்தது. செப்டம்பர் 1 அன்று, அரிசி இறக்குமதி செய்யும் பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக உயர்த்தியது. உள்நாட்டு அரிசிக்கோ 10 கிலோவுக்கு 26 ரிங்கிட் என்ற கட்டுப்பாட்டு விலை இருந்தது. உள்நாட்டு அரிசியே இறக்குமதிப் பைக்குள் போகிறது என்ற சந்தேகம் நாடெங்கும் எழுந்தது.

அப்படிப் பை மாறினால் யாருக்கும் வயிறு வலிக்காது, பசியும் அடங்கும். பிறகு தவறு எங்கே இருக்கிறது? உணவகச் சமையற்கட்டிலும் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையிலும் சொல்லாமல் பொருளை மாற்றும்போது இதே கேள்விதான் எழுகிறது.

சமைப்பவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. விலை ஏறும்போது மலிவான பொருளைத் தேடுவது குற்றமல்ல. தோட்டப்புறத்தில் குறைந்த விலைக்கு வயிறார உணவு கிடைக்க அதுவே வழி. மிளகாய்த்தூளின் வணிகப்பெயர் மாறியதைக்கூட எழுதிவைக்க வேண்டும் என்பது நடவாத காரியம். ஆனால், சொன்னால் வாடிக்கையாளர் உண்ண மாட்டார், அல்லது இந்த விலை தர மாட்டார் என்று தெரிந்தே ஒன்றை மறைத்தால், அங்கே சிக்கனம் முடிந்து வஞ்சனை தொடங்குகிறது.

2014 ஜனவரியில் இங்கிலாந்தின் வட யார்க்‌ஷயரில், நிலக்கடலை ஒவ்வாமை உள்ள ஒருவர், கடலை வேண்டாம் என்று சொல்லியே ஓர் இந்திய உணவகத்தில் கறி வாங்கினார். பாதாம் தூளுக்குப் பதில் மலிவான நிலக்கடலைத் தூள் சேர்க்கப்பட்டிருந்தது. அவர் இறந்தார். 2016இல் உரிமையாளருக்கு 6 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

உயிர் போனால்தான் தவறு என்பதில்லை. அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் தன் உருளைக்கிழங்கு வறுவலில் மாட்டிறைச்சிச் சாரம் சேர்த்ததைத் தெளிவாகச் சொல்லவில்லை. இந்துக்களும் சைவ உணவினரும் 2001இல் வழக்குத் தொடுத்தனர். 2002இல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு 1 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. உண்டவர்களின் உடல் கெடவில்லை. அவர்கள் காத்துவந்த நெறி அவர்களை அறியாமலே முறிக்கப்பட்டது. மாட்டிறைச்சி தவிர்ப்பவரும், விரதம் இருப்பவரும், ஹலால் பார்ப்பவரும் அடுத்தடுத்த மேசைகளில் அமரும் சிலாங்கூரில் இதன் கனத்தை விளக்க வேண்டியதில்லை.

பள்ளியில் இந்தக் கடமை இன்னும் கூடுகிறது. உணவகத்தில் ஐயம் வந்தால் எழுந்து வேறு கடைக்குப் போகலாம். பள்ளியில் இலவச உணவு தரும் கூடுதல் உணவுத் திட்டத்தில் பசியாறும் ஏழைப் பிள்ளைக்கு வேறு கடை இல்லை, கேட்கவும் தெரியாது. பட்டியலில் கோழி என்றிருக்க, தட்டில் முட்டை வருமானால் பள்ளிக்கும் பெற்றோருக்கும் அன்றே சொல்ல வேண்டும். கோழிக்கான பணத்தை வாங்கிக்கொண்டு முட்டை கொடுப்பது பிள்ளையின் சத்தில் கைவைப்பதாகும்.

உண்மையைச் சொன்னால் சில வாடிக்கையாளர்கள் போகக்கூடும். அந்த இழப்பை, மாற்றத்தால் மிச்சம் பிடிப்பவரே ஏற்க வேண்டும். அவர் மறைத்தால், அதன் விலையை ஒன்றும் அறியாமல் உண்பவர் கொடுக்க நேர்கிறது.