எப்சைலனும் கடைசி பஸ்ஸும்

காரைக்கால் மாவட்டம் மொத்தமே சுமார் 160 சதுர கிலோமீட்டர். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கமெல்லாம் தமிழ்நாடு. இவ்வளவு சின்ன இடத்துக்குள் முதலாண்டுக் கணிதம் படிக்கிற பிள்ளைகள் இரண்டு விதமாக இருக்கிறார்கள். 2010-இல் தொடங்கி இன்று திருவேட்டக்குடியில் இயங்கும் என்.ஐ.டி.யின் விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் ஒரு விதம். அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரிக்கோ அவ்வையார் அரசு மகளிர் கல்லூரிக்கோ நெடுங்காடு, திருநள்ளாறு, கோட்டுச்சேரி, நிரவி என்று பல பக்கமிருந்தும் காலையில் பஸ் ஏறி வந்து, மாலையில் பஸ் ஏறிப் போகிறவர்கள் இன்னொரு விதம்.

விடுதிக்காரர்களுக்குக் கிடைப்பது ஆய்வகமும் ஆசிரியரும் மட்டும் இல்லை. ராத்திரி பதினோரு மணிக்குப் பக்கத்து அறைக் கதவைத் தட்டி, "மச்சான், இந்த ஸ்டெப் எப்படிடா வந்துச்சு?" என்று கேட்க ஒரு ஆள் கிடைக்கிறான். அது எந்தப் பாடத்திட்டத்திலும் இருக்காது, கட்டண ரசீதிலும் இருக்காது. பஸ்ஸில் போகிற பிள்ளைக்கு அந்த ஆள் இல்லாமல் போவது வெறும் வசதிக் குறைவா, அநியாயமா? எனக்கு அது அநியாயமாகத்தான் படுகிறது.

பிளஸ் டூ வரை லிமிட் என்றால் எண்ணைப் போட்டு விடை எழுதுவது. கல்லூரிக்கு வந்ததும் எப்சைலன்–டெல்டா முன்னால் வந்து நிற்கும். (டெல்டாக்காரனுக்கே டெல்டா பிடிபடல என்பது எங்கள் வகுப்பின் அரதப்பழசான ஜோக்.) பலகையில் அது ஒற்றை வரி. உண்மையில் அது இரண்டு பேர் பேச்சு. ஒருத்தி சொல்கிறாள்: "விடை எனக்கு இவ்வளவு கிட்டத்துல வரணும்." மற்றவள்: "அப்படின்னா எக்ஸை நீ இந்த எல்லைக்குள்ள வச்சுக்க." "இன்னும் கிட்டத்துல கேட்டா?" "அதுக்கும் ஒரு எல்லை தரேன்." எவ்வளவு இறுக்கிக் கேட்டாலும் பதில் இருக்கிறது என்றால் லிமிட் இருக்கிறது. நிரூபணம் என்பதே எதிரில் உட்கார்ந்து "ஏன்?" என்று கேட்கிற ஒருவருக்காக எழுதப்படுவதுதான். தனியாகப் படிக்கிறவர் அந்த எதிராளியையும் தனக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பதினேழு வயதுப் பிள்ளையிடம் அதை முதல் மாதத்திலேயே எதிர்பார்க்கிறோம்.

உடனே ராமானுஜன் பெயரைச் சொல்வார்கள். கும்பகோணம் பக்கத்து ஊர்தானே, அவருக்கு யார் துணை என்று. அவர் வீட்டில் கல்லூரி மாணவர்கள் தங்கியிருந்தார்கள். லோனியின் திரிகோணமிதி அந்தப் பழக்கத்தில்தான் அவர் கைக்கு வந்தது. 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணிதம் தவிர எதிலும் மனம் நில்லாமல் அந்த உதவித்தொகையை இழந்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது, மேலதிகாரி நாராயண ஐயரும் அவரும் மாலையில் ஆளுக்கொரு சிலேட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார்கள். இடையில் விட்ட படிகளை எழுதச் சொல்லி வற்புறுத்தியவர் நாராயண ஐயர். ராமானுஜனுக்கே ஒரு சிலேட்டுக்காரர் தேவைப்பட்டார்.

1970-களில் பெர்க்லியில் யூரி டிரைஸ்மன் என்பவர், கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் ஏன் அதிகம் தோற்கிறார்கள் என்று பார்க்கக் கிளம்பினார். பேராசிரியர்களிடம் காரணம் தயாராக இருந்தது: ஆர்வம் இல்லை, அடித்தளம் இல்லை, வீட்டுச் சூழல் சரியில்லை. டிரைஸ்மன் மாணவர்களோடேயே திரிந்து பார்த்தார். பெரும்பாலான கறுப்பின மாணவர்கள் மணிக்கணக்காக, ஒழுங்காக, தனியாகப் படித்தார்கள். சீன வம்சாவளி மாணவர்களோ தனியாகப் படித்துவிட்டு, மாலையில் சாப்பாட்டோடு கூடி விடைகளை ஒப்பிட்டுச் சண்டை போட்டார்கள். அவர் தொடங்கிய பயிற்சிக் குழுக்களில் எனக்குப் பிடித்தது ஒன்று: அதைத் தோற்றவர்களுக்கான வகுப்பாக அவர் வைக்கவில்லை. வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்துக் கூடிப் போடச் சொன்னார். மதிப்பெண்கள் ஏறின. நம் ஊரில் 'ஸ்லோ லேர்னர்' என்று பெயர் வைத்துத் தனியாக உட்கார வைப்பதற்கு நேர் எதிர் இது.

நான் படித்தது காரைக்காலில் இல்லை, டெல்டாவின் வேறொரு ஊரில். என் வகுப்பில் ஒருத்தி இரண்டு பஸ் மாறி வருவாள். கடைசி பெல் அடிக்கும்போதே பை தோளில் இருக்கும். இரண்டாம் செமஸ்டரோடு நின்றுவிட்டாள். "அவளுக்கு மேத்ஸ் வரலப்பா" என்றார்கள். அந்த வாக்கியத்தில் வராமல் போனது அவள் தவறு. மூன்றரைக்குப் பிறகு வகுப்பில் நடந்த பேச்சில் அவள் ஒருநாளும் இருந்ததில்லை என்பதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

சியாட்டில் நகரின் ஒரு சமுதாயக் கல்லூரியைப் பற்றி 1997-இல் எழுதிய வின்சென்ட் டின்டோ சொல்வது எளிய விஷயம்: வீட்டிலிருந்து வந்து போகிறவருக்கு வகுப்பறையை விட்டால் கல்லூரியே கிடையாது. நட்பு, சந்தேகம், சண்டை எல்லாம் அதற்குள்தான் நடந்தாக வேண்டும். 'கற்றல் குழுமம்' என்கிற ஏற்பாடு இதிலிருந்து வருகிறது. இருபது, இருபத்தைந்து பேரைச் சேர்த்துக் கணிதத்தையும் இயற்பியலையும் ஒரே அணியாகப் படிக்க வைப்பது; இரண்டு ஆசிரியர்களும் பேசிவைத்துக்கொண்டு, இங்கே வகைநுண்கணிதம் வரும் வாரத்தில் அங்கே திசைவேகம் நடத்துவது; கூடிக் கணக்குப் போடும் நேரத்தைக் கால அட்டவணைக்குள்ளேயே வைப்பது. இந்தக் கடைசி விஷயத்தில்தான் அறம் இருக்கிறது. 'காலேஜ் முடிஞ்சு ஒரு மணி நேரம் இருங்க' என்றால், வீட்டில் தண்ணீர் பிடிக்க வேண்டியவளின் மணியைத்தான் முதலில் எடுக்கிறோம்.

எனக்கு உறுத்துகிற கேள்வி வேறு. யாரோடு யார் உட்காருவது? 'நீங்களே குழு பிரிச்சுக்கங்க' என்று விட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். தெரு, சாதி, பள்ளிக்கூடம், தமிழ் மீடியம், இங்கிலீஷ் மீடியம் என்று ஐந்து நிமிடத்தில் பிரிந்துவிடும். ஆகவே ஆசிரியர்தான் பிரிக்க வேண்டும். அப்படியானால் நட்பைக் கட்டாயப்படுத்துகிறோமா? நட்பைக் கட்டாயப்படுத்த முடியாது. ஒரே கணக்கின் முன்னால் இரண்டு பேரை உட்கார வைக்க முடியும், அவ்வளவுதான். அதுவும் சின்ன விஷயம் இல்லை. தன் தெருவில் காலே வைக்காத ஒருவனிடம் "இது தப்பு, நாலாவது வரியைப் பாரு" என்று சொல்லவும், அவன் பார்த்துவிட்டு "ஆமா" என்று ஒத்துக்கொள்ளவும் நம் ஊரில் வேறு எத்தனை இடங்கள் இருக்கின்றன?

காப்பியடிப்பார்களே என்பார்கள். கூடிப் பேசு, தனியாக எழுது என்ற ஒரு விதி போதும். காப்பி தனியாகப் படிக்கிறவர்களிடமும் உண்டு.

இங்கே பாடம் நடத்துகிற நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். சிரித்தார். "அதெல்லாம் சரிங்க, மழைக்காலத்துல அறை ஒழுகுது, ரெண்டு வாத்தியார் வேலையை ஒருத்தர் பார்க்கிறோம். யாரு பேசிவச்சுக்கிறது?" என்றார். நியாயம்தான். வாரத்தில் இரண்டு நாள் மதியம் ஒன்றரை மணி நேரம், ஒழுகாத ஓர் அறை, நான்கு கரும்பலகை, மூன்றாமாண்டிலிருந்து இரண்டு பேர் போதும் என்றேன். "மூணாமாண்டுப் பசங்களும் பஸ்ஸுலதான் வராங்க" என்றார். பிறகு அவரே யோசித்து, செவ்வாயும் வியாழனும் அவர்களுக்கு மதியம் லேப் கிடையாது என்றார்.