தூசும் நித்திய கர்மமும்

காலையில் பெருக்கித் துடைத்த கூடம் மாலைக்குள் மறுபடியும் புழுதி படிந்து கிடக்கிறது. மறுநாள் மறுபடியும் பெருக்குகிறோம். ஆயுள் முழுவதும் இவ்வாறு செய்தும் இந்த வேலை முடிந்துவிட்டது என்று சொல்லத்தக்க வீடு ஒன்று உலகத்தில் இல்லை. முடிவே இல்லாத காரியத்துக்குப் பிரயோசனம் என்று ஒன்று உண்டா, அல்லது அது வெறும் சிரமந்தானா என்னும் கேள்வி, துடைப்பத்தைக் கையில் எடுத்தவர் மனத்தில் ஒரு நாளாவது எழுந்தே இருக்கும். அதை அற்பமான கேள்வி என்று தள்ளிவிட எனக்குச் சம்மதமில்லை. நம் தேசத்துத் தத்துவ ஞானிகள் தலைமுறை தலைமுறையாக வாதித்த பெரிய விஷயம் ஒன்று அதற்குள் அடங்கியிருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டருகே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு இடைவெளி விட்டுக் கிடக்கிறது. ஆனியிலும் ஆடியிலும் தென்மேற்குக் காற்று அந்தக் கணவாய் வழியே புகுந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கத்துச் சமவெளியின்மேல் வீசும்போது, மானாவாரிக் காட்டின் செம்புழுதி எழும்பி, சாத்திய சன்னலின் இடுக்கிலும் நுழைந்து, சுவாமி படங்களின்மேலும் அரிசிப் பானையின் மூடியின்மேலும் மெல்லிய படலமாகப் படிந்துவிடுகிறது. ஆயினும் அதே காற்றுத்தான் மலைமுகட்டில் மழையாகப் பொழிந்து ஆழியாற்றுக்கும் அமராவதிக்கும் நீர் தருவது. அந்த மழைக்கும் தூசு வேண்டும்: காற்றில் மிதக்கும் நுண்துகளைப் பற்றிக்கொண்டே நீராவி துளியாகத் திரளுகிறது என்பதை, ஸ்காட்லாந்து தேசத்து விஞ்ஞானி ஜான் எய்ட்கன் 1880-இல் சோதனைகளால் விளக்கினார். ஆகவே தூசு அறவே இல்லாத உலகத்தை வேண்டுகிறவர், தாம் வேண்டுவது இன்னதென்று அறியாமலே மழையில்லாத உலகத்தை வேண்டுகிறார்.

கதவையும் சன்னலையும் அடைத்து வைத்தாலும் தூசு உண்டாவது நிற்பதில்லை. நம் சரீரத்தின் மேல்தோல் ஓயாமல் உதிர்ந்து புதிதாக வளர்கிறது. உதிர்ந்த செதில்களும், உடுத்த துணியின் இழைகளும், தலைமயிரின் துணுக்குகளும் வீட்டுத் தூசில் கலந்திருக்கின்றன. இந்த உண்மையைப் பௌத்தர்களின் கதை ஒன்று மிக அழகாகத் தொட்டுக் காட்டுகிறது. சூளபந்தகர் என்னும் பிக்கு நான்கு மாதம் முயன்றும் ஒரே ஒரு சுலோகத்தை மனனம் செய்ய இயலாமல் போக, தமையனாராகிய மகாபந்தகரே அவரைச் சங்கத்தை விட்டுப் போகச் சொல்லிவிடுகிறார். கலங்கி நின்றவரைப் புத்தர் பெருமான் அழைத்து, தூய வெள்ளைத் துணி ஒன்றைக் கொடுத்து, தூசு நீங்குக என்னும் பொருளுடைய சொல்லை உச்சரித்தவண்ணம் அதைக் கையால் தேய்த்துக்கொண்டிருக்கும்படி பணிக்கிறார். தேய்க்கத் தேய்க்கத் துணி அழுக்கேறுகிறது. வெண்துணியைக் கெடுத்தது தம் சரீரமே என்று கண்ட கணத்தில், நூலறிவு சிறிதும் கைவராத அந்த மனிதருக்கு அநித்தியம் என்னும் தத்துவம் விளங்கிவிடுகிறது.

சைவ சித்தாந்தம் இன்னும் ஒருபடி ஆழமாகச் செல்லுகிறது. ஆணவ மலம் என்னும் அழுக்கு உயிரை இடையில் வந்து பற்றியதன்று, செம்பில் களிம்புபோல அநாதியே உடன் இருப்பது என்றும், முத்தியிலும் அது அழிந்தொழிவதில்லை, அதன் சக்தி மாத்திரம் அடங்கிக் கிடக்கிறது என்றும் சித்தாந்திகள் கூறுவர். முதற்கண் கேட்போருக்கு இது சோர்வு தரும் கொள்கையாகத் தோன்றலாம்; எனக்கோ இதைவிட ஆறுதலான கொள்கை வேறில்லை. ஒழிக்க முடியாததை அடக்கிவைத்தலே வெற்றியாகுமானால், மறுநாள் திரும்பிவரும் புழுதியைக் கண்டு தோற்றுவிட்டதாக எண்ணி மனம் நோவதற்குக் காரணமே இல்லை.

அடக்குவதற்கும் முறை ஒன்று உண்டு. சன்னல் வழியே விழும் வெயிலில் மிதக்கும் துகளைத் திரசரேணு என்று வைசேஷிகத் தத்துவ ஞானிகள் வழங்கினர். கண்ணுக்குப் புலனாகும் பொருள்களில் அதுவே மிகச் சிறியது என்றும், ஆறு பரமாணுக்கள் கூடி அது ஆயிற்று என்றும் அவர்கள் கருதினர். அதனினும் நுண்ணிய துகள்களே நம்மை அதிகம் ஏய்ப்பவை. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ள துகள், காற்று அசையாத அறையிலுங்கூடத் தரையை அடையப் பல மணி நேரம் பிடிக்கும். உலர்ந்த தரையை வேகமாகப் பெருக்குகிறவர் அவற்றை எழுப்பிவிட்டு, அவை திரும்பப் படிவதற்கு இடம் செய்கிறார். தண்ணீர் தெளித்துப் பெருக்குவதும், சாணமிட்டு மெழுகுவதும், ஈரத்துணியால் துடைப்பதும், வாசலில் கால் கழுவி உள்ளே வருவதும், பாயையும் தலையணையையும் வெயிலில் போட்டு எடுப்பதும் நம் பாட்டிமார் அறிந்திருந்த வழிகள். மேலிருந்து தொடங்கி, ஒட்டடை அடித்த பிறகே தரைக்கு வர வேண்டும் என்பதையும் அவர்களே சொல்லிக்கொடுத்தார்கள்.

இனிப் பிரயோசனத்தைப் பற்றிய கேள்விக்கு வருவோம். வேத விதிகளை ஆராய்ந்த மீமாம்சகர் கர்மங்களைப் பாகுபாடு செய்யும்போது, பயனை விரும்பிச் செய்வதைக் காமியம் என்றும், நாள்தோறும் செய்தே தீர வேண்டியதை நித்தியம் என்றும் வகுத்தனர். நித்திய கர்மத்தைச் செய்வதால் சுவர்க்கம் முதலிய பேறு தனியாகக் கிட்டாது; செய்யாது விட்டாலோ பிரத்தியவாயம் என்னும் தோஷம் வந்து சேரும் என்பது அவர்களுள் பலர் கொண்ட முடிபு. அவர்களுள் பிரபாகரர் என்னும் ஆசிரியரைப் பின்பற்றியவர்கள், விதிக்கப்பட்டது என்பதற்காகவே அதைச் செய்ய வேண்டும், வேறு பலன் நாட வேண்டியதில்லை என்றனர். சாஸ்திர நூல்கள் வீடு பெருக்குவதை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. எனினும் அந்த இலக்கணம் முழுவதும் பொருந்துகிற காரியம் இதைப்போல் வேறொன்றை நான் காணவில்லை. பெருக்கியதால் வீட்டில் புதிய பொருள் எதுவும் சேருவதில்லை. இரண்டு நாள் பெருக்காமல் விட்டால் இருமுகிற குழந்தையே பிரத்தியவாயத்துக்குச் சாட்சியாகிவிடும்.

இப்பணியின் பெருமையை நம்மவர் அறியாதிருந்தார்கள் என்று சொல்ல இயலாது. திருவதிகையில் திலகவதியார் வைகறையில் துடைப்பமும் சாணமும் நீர்த்தோண்டியும் ஏந்தித் திருக்கோயிலுக்குச் சென்றபோதுதான், சூலை நோயால் வாடி வந்த தம்பியாரையும் உடன் அழைத்துச் சென்றார். அந்தத் தம்பியாரே பின்னர் உழவாரம் ஏந்திக் கோயில் முற்றங்களின் புல்லைச் செதுக்கிய திருநாவுக்கரசர். பூரியில் ஜகந்நாதரின் தேர்த் திருவிழாவில் கஜபதி மன்னரே பொற்பிடித் துடைப்பத்தால் தேர்த்தட்டைப் பெருக்குகிறார். இவற்றையெல்லாம் கண்டு கைகூப்புகிற சமூகம், தெருவை நாள்தோறும் பெருக்குகிறவரைத் திண்ணையில் உட்காரவிடாமல் தலைமுறை தலைமுறையாகத் தள்ளி வைத்தது. இதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு வேகிறது. அந்தத் தீண்டாமைக்கு எந்தச் சித்தாந்தத்தாலும் சமாதானம் சொல்ல முடியாது.

வீட்டுக்குள்ளும் கணக்கு நேராக இல்லை. சந்தியாவந்தனத்தை ஒருவருக்காக மற்றொருவர் செய்துவிட முடியாது என்பதைத் தடையின்றி ஒப்புக்கொள்ளுகிற கிருகஸ்தர், மனைவியோ மருமகளோ வேலைக்காரியோ பெருக்கிக்கொண்டு வரும்போது, சாய்வு நாற்காலியில் இருந்தபடியே துடைப்பம் போவதற்காகக் காலை மாத்திரம் தூக்கிக் கொடுக்கிறார். கூடம் சுத்தமாகிவிடுகிறது, அவர் செய்ய வேண்டிய கர்மம் செய்யப்படாமலே நிற்கிறது.