வழிவிடுவது கொடையா, கடனா?

ஈப்போவைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில், புந்தோங், சிலிபின், செம்மோர், சுங்கை சிப்புட் என்று எந்தப் பக்கம் போனாலும், வேலை முடிந்து எல்லாரும் வீடு திரும்பியபின் தெருவின் அகலம் பாதியாகிவிடுகிறது. வரிசை வீட்டின் முன்தளத்தில் ஒரு காருக்கு இடம் இருக்கும், மிஞ்சினால் இரண்டுக்கு. பிள்ளைகள் தலையெடுத்து வேலைக்குப் போகத் தொடங்கியதும் மூன்றாவது வண்டியும் நான்காவது வண்டியும் கேட்டுக்கு வெளியே வந்து நிற்கின்றன. எதிர்ப்புறம் எதிர்வீட்டு வண்டிகள். நடுவில் ஒரு கார் நெளிந்து வரலாம். குப்பை லாரியோ தீயணைக்கும் பொம்பா வண்டியோ வந்தால் யாரையாவது தட்டி எழுப்பித்தான் ஆகவேண்டும். சில வீட்டு வாசலில் சிமெண்ட் ஊற்றிய பெயின்ட் டின்னில் ஒரு குழாயை நட்டு வைத்திருப்பார்கள். சில வாசலில் பூச்சட்டி, கால் ஒடிந்த நாற்காலி. இங்கே யாரும் நிறுத்தக் கூடாது என்பதற்கான அடையாளங்கள் அவை. இதையெல்லாம் அக்கம்பக்கத்துச் சச்சரவு என்று ஒதுக்கிவிடுகிறோம். கோயில் மேடைகளில் எத்தனையோ பொருள்களில் சொற்பொழிவு நடக்கிறது, இதைப்பற்றி நடப்பதில்லை. இது சமயம் பேசவேண்டிய பொருள், அதுவும் ஒதுக்குப்புறத்தில் வைக்காமல் நடுவில் வைத்துப் பேசவேண்டிய பொருள் என்பது என் வாதம்.

தவறு எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்கலாம். ஒருவரைத் திட்டும்போதும் ஏமாற்றும்போதும் அவர் நம் எதிரில் இருக்கிறார்; அவர் முகமே நம்மைக் கொஞ்சம் தடுக்கும். முச்சந்தி வளைவில் காரை நிறுத்திப் பூட்டிவிட்டு உள்ளே போகும்போது எதிரில் யாரும் இல்லை. பாதிக்கப்படப் போகிறவர் இன்னும் வந்து சேரவில்லை. அவர் இரத்தச் சுத்திகரிப்பு முடிந்து களைத்து வீடு திரும்பும் முதியவராக இருக்கலாம். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடவேண்டிய தாயாக இருக்கலாம். நெஞ்சுவலிக்காரரை ஏற்ற வரும் ஆம்புலன்ஸாகவும் இருக்கலாம். யாரென்று தெரியாததால் அவருக்காக நாமே முடிவெடுத்துவிடுகிறோம்: ஐந்து நிமிடம் காத்திருந்தால் என்ன குறைந்துவிடும்? அந்த ஐந்து நிமிடம் அவருடையது. உடையவரைக் கேட்காமல் எடுப்பது களவு. எடுத்தது பணமா நேரமா என்பதால் அது வேறாகிவிடாது. எதிரில் இருப்பவரிடம் நல்லவராக நடந்துகொள்வது அவ்வளவு கடினமில்லை. எதிரில் இல்லாதவருக்கும் நேர்மையாக இருக்கிறோமா என்பதில்தான் ஒருவரின் அறம் தெரியும். வண்டி நிறுத்துமிடம் அந்தச் சோதனையைத் தினமும் நடத்துகிறது.

சைவ மரபு இதை எண்ணிப் பார்க்காமல் இல்லை. மனுநீதிச் சோழன் வரலாற்றை நாம் அரச நீதிக்கு எடுத்துக்காட்டாகவே சொல்லிப் பழகிவிட்டோம். அடிப்படையில் அது தெருவில் நடந்த விபத்தின் கதை. 12-ஆம் நூற்றாண்டில் பெரிய புராணம் பாடிய சேக்கிழார், அடியார்களின் வரலாறுகளைத் தொடங்கும் முன்பே, திருவாரூரின் சிறப்பைச் சொல்லும் பகுதியில் இதை வைத்திருக்கிறார். இளவரசன் தேரேறி வீதியில் வருகிறான். கன்று ஒன்று துள்ளி வந்து சக்கரத்தில் அகப்பட்டு இறக்கிறது. தாய்ப்பசு அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணியை அசைக்கிறது. இளவரசன் வேண்டுமென்று செய்யவில்லை. கன்று நுழைந்ததை யாரும் கவனிக்கவும் இல்லை. இந்த இடத்தில் அமைச்சர்கள் சொல்லும் யோசனையை நாம் கூர்ந்து பார்க்கவேண்டும். மறைநூல் விதித்தபடி பரிகாரம் செய்துவிடலாம் என்கிறார்கள். சோழன் மறுக்கிறான். பரிகாரத்தால் பசுவின் துயரம் தீராது என்பது அவன் கட்சி. இலங்கையின் மகாவம்சம், அனுராதபுரத்தை ஆண்ட எல்லாளனைப்பற்றி ஏறக்குறைய இதே நிகழ்ச்சியைச் சொல்கிறது. தமிழ்ச் சைவரும் சிங்களப் பௌத்தரும் ஒரே கதையைப் போற்றிக் காத்திருக்கிறார்கள் என்றால் அதில் இரு சமயத்துக்கும் பொதுவான ஏதோ ஒன்று இருந்திருக்கவேண்டும். சோழன் தன் மகன்மீதே தேரை ஓட்டி நிறைவேற்றிய தண்டனையை இன்று யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கதை நிறுத்திய அளவுகோல் அப்படியே இருக்கிறது. வீதியில் இளவரசனுக்கு உள்ள உரிமை கன்றுக்கும் உண்டு. தெரியாமல் நடந்தது என்றாலும், பரிகாரம் செய்தாயிற்று என்றாலும் அந்த உரிமை அழியாது.

தேர் என்றதும் முல்லைக்குத் தேர் ஈந்த பாரியும் நினைவுக்கு வருவான். இரண்டு செயலையும் ஒன்றாகப் போற்றுகிறோம், இரண்டும் ஒன்றல்ல. பாரி தன் தேரைக் கொடுக்காமல் போயிருந்தாலும் அவனை யாரும் குற்றம் சொல்லியிருக்க முடியாது. அது கொடை. சோழனுக்கு அந்த வசதி இல்லை. பசுவுக்குப் பட்ட கடனை அவன் தீர்த்தாகவேண்டும். பேராக் தமிழர்களாகிய நாம் கொடையில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. தைப்பூசத்தன்று புந்தோங் சுங்கைப் பாரி மாரியம்மன் ஆலயத்திலிருந்து குனோங் சீரோ கல்லுமலை முருகன் ஆலயத்துக்குப் போகும் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள். வருகிறவர் யார், எந்த ஊர், என்ன இனம் என்று கேட்காமல் மோரும் சோறும் கையில் திணிக்கப்படுகின்றன. முகம் தெரியாதவருக்குக் கொடுப்பது நமக்கு நன்றாகவே தெரியும். அப்படிப்பட்டவர்கள், திருவிழாவன்று கோயிலுக்கு அருகில் குடியிருப்பவரின் கேட்டை மறித்து வண்டியை நிறுத்திவிட்டு எப்படிப் போகிறோம்? வழிவிடுவதையும் ஒரு கொடையாக நினைப்பதால்தான். கொடையை மனம் கனிந்தபோது செய்யலாம், கனியாதபோது விட்டுவிடலாம். கடனுக்கு அந்தச் சலுகை கிடையாது.

கடன் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு நம் சொந்த வரலாற்றிலேயே காரணம் இருக்கிறது. மலாயாத் தோட்டங்களில் செம்மண் சாலைக்கும் சாதி இருந்தது. சைக்கிளில் போகும் தொழிலாளி, எதிரில் துரை வந்தால் இறங்கி நிற்கவேண்டும். தோட்ட எழுத்தர்களான கிராணிமாருக்கும் அந்த மரியாதை செலுத்தவேண்டும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். கூலி உயர்வு, மருத்துவ வசதி, பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களைத் தொல்லைப்படுத்துவதற்கு முடிவு, கள்ளுக்கடைகளை மூடுவது ஆகியவற்றோடு ஒன்றாக, மேலதிகாரிகள் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. போராட்டத்தை முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர்கள் செத்தார்கள். அரை வயிற்றுக் கூலிக்காரர்கள், உயிருக்கு ஆபத்தான நேரத்தில், சைக்கிள் ஓட்டும் உரிமையை ஏன் ஒரு கோரிக்கையாக எழுதினார்கள்? பொதுவழியில் ஒருவனை இறக்கி நிறுத்துவது அவனை மனிதனாக மதிக்காத செயல் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன் கேரளத்தின் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்ததும், பெரியார் அதில் சிறை சென்றதும் இதே உணர்வால்தான்.

இப்போது நம் தெருவுக்கு வாருங்கள். இன்னொரு வண்டியை அடைத்து நிறுத்துகிறவர்களில் மனசாட்சி உள்ளவர்கள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள்: கியரை நியூட்ரலில் விட்டு, ஹேண்ட்பிரேக்கையும் போடாமல், கண்ணாடிக்கு உள்ளே தொலைபேசி எண்ணை எழுதி வைப்பது. தள்ளி நகர்த்திக்கொள்ளலாம், இல்லையென்றால் கூப்பிடலாம். எண்ணே வைக்காதவரைவிட இவர் எவ்வளவோ மேல். ஆனாலும் அந்தச் சீட்டு என்ன செய்கிறது என்று யோசிக்கவேண்டும். தன் வழியில் தான் போகவேண்டியவர், கையில் பையோடும் இடுப்பில் குழந்தையோடும் வெயிலில் நின்று ஓர் அந்நியரை அழைத்து, கொஞ்சம் எடுக்க முடியுமா என்று பணிவாகக் கேட்கவேண்டியிருக்கிறது. உரிமை உள்ளவர் விண்ணப்பதாரர் ஆகிவிடுகிறார். மறித்தவர் இறங்கி வந்து எடுத்துக் கொடுத்து, நன்றியும் பெற்றுக்கொண்டு போகிறார். சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றில் சில வலுவானவை. முதலாவது, இடமே இல்லாத இடத்தில் அறம் பேசி என்ன பயன் என்பது. உண்மைதான். 1985-இல் புரோட்டோன் சாகா வந்தது. 1994-இல் பெரோடுவா கன்சில் வந்து எளிய குடும்பத்துக்கும் கார் எட்டும் பொருளானது. 2023-இன் இறுதியில் நாட்டில் பதிவு பெற்ற வாகனங்கள் மக்கள்தொகையையே தாண்டி, 3 கோடியே 60 லட்சத்தைக் கடந்தன. தோட்டம் துண்டாடப்பட்டு வெளியே வந்த குடும்பத்துக்குப் பேருந்து இல்லாத ஊரில் கார் ஆடம்பரம் இல்லை, பிழைப்பு. வீடு கட்டி விற்றவர்களும் அனுமதி கொடுத்தவர்களும் ஒரு வீட்டுக்கு ஒரு கார் என்று கணக்குப் போட்டார்கள்; அதற்கு அவர்கள் பொறுப்பு. ஆனால் பற்றாக்குறை இருப்பதால் நீதி தேவையில்லை என்பது தலைகீழான வாதம். நீதி என்ற கேள்வி எழுவதே பொருளுக்குத் தட்டுப்பாடு வரும்போதுதான் என்று 1751-இல் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் விளக்கினார். எல்லாருக்கும் வேண்டிய மட்டும் கிடைக்கும் காற்றைப் பங்கு பிரிக்க யாரும் விதி வகுப்பதில்லை. தோட்டத்து லயத்தில் இருபது வீட்டுக்கு ஒரு குழாய் இருந்தபோது குடங்கள் வரிசையில் நின்றன. தட்டுப்பாடுதான் அந்த வரிசையை உண்டாக்கியது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, கையில் காசில்லாத பால்மரத் தொழிலாளர்கள் மாதாமாதம் சிறு தொகை கட்டித் தோட்டங்களையே கூட்டாக வாங்கினார்கள். பொதுப் பொருளைப் பேணத் தெரியாத சமுதாயம் இல்லை இது.

இரண்டாவது மறுப்பு, என் வீட்டு முன்னால் இருக்கும் இடத்தைக் கூட்டிப் பெருக்குவது நான், அது எனக்கு இல்லையா என்பது. பழைய கிரேக்க ஸ்தோயிக் ஞானி கிரிசிப்பஸின் வாதம் ஒன்றை ரோமானிய அறிஞர் சிசரோ பதிந்து வைத்திருக்கிறார்: நாடக அரங்கு எல்லாருக்கும் பொது, ஆனாலும் ஒருவர் உட்கார்ந்திருக்கும் இருக்கையை அவருடையது என்று சொல்வது சரியே. தெருவுக்கு இது அப்படியே பொருந்தும். வண்டி நிற்கும் வரை இடம் அதற்குரியது. வண்டி போனபின் டின்னையும் பூச்சட்டியையும் உட்கார வைத்துவிட்டுப் போவதற்கு உரிமை இல்லை. நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது: 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 46-ஆம் பிரிவின்படி பொது இடத்தில் தடைப்பொருள் வைப்பது குற்றம். இதில் ஒரு விலக்கை நான் மனமார ஏற்கிறேன். நடக்க முடியாத பெற்றோர் இருக்கும் வீட்டுக்கு வாசல் இடம் தேவை. அந்தத் தேவையை வாய்விட்டுச் சொன்னால் தெருவே ஒதுக்கிக் கொடுக்கும், கொடுக்கவும் வேண்டும்.

மூன்றாவது, சாமி காரியம், துக்க காரியம் என்று சொல்லப்படுவது. இரதம் வரும்போது சாலை முழுதும் மறிக்கப்படுகிறதே என்பார்கள். இரத ஊர்வலத்துக்கு முன்கூட்டியே அறிவிப்பு உண்டு, காவல்துறை அனுமதி உண்டு, மாற்றுவழி உண்டு, முடியும் நேரமும் உண்டு. பாதிக்கப்படுகிறவர் அறிந்து இணங்கிய தடை அது. பூசைக்கு நேரமாகிவிட்டது என்று ஒருவர் கேட்டை அடைப்பதில் இவற்றில் எதுவும் இல்லை. நேர்த்திக்கடன் நம்முடையது, அதை அடுத்தவர் நேரத்திலிருந்து எடுத்துக் கட்டினால் முருகனுக்கு நாம் செலுத்தியது என்ன? துக்க வீட்டைப் பொறுத்தவரை நான் கடுமையாகப் பேசமாட்டேன். சாவு சொல்லிக்கொண்டு வருவதில்லை, அன்று தெரு பொறுத்துக்கொள்ளும். பதினாறாம் நாள் காரியம் நாள் குறித்து நடப்பது. அதற்கு அந்தச் சலுகை பொருந்தாது.

இவ்வளவு சின்ன விஷயத்துக்குச் சமயத்தை இழுப்பதா என்பவர்களுக்கு, நம்மோடு ஒரே தெருவில் வாழும் முஸ்லிம் அண்டைவீட்டாரின் மரபைக் காட்ட விரும்புகிறேன். இறைநம்பிக்கைக்குப் பல கிளைகள் உண்டு, பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவது அவற்றில் கடைசிக் கிளை என்பது நபிமொழி. மிகச் சிறியது என்று ஒப்புக்கொண்டே அதை நம்பிக்கைக்குள் வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசல்களைச் சுற்றியும் வண்டிகள் தாறுமாறாக நிற்பது உண்டு. எந்தச் சமயத்தாரும் இதில் மற்றவரைக் குறை சொல்லும் நிலையில் இல்லை. ஊரே செய்யும்போது நான் ஒருவன் மட்டும் தள்ளி நிறுத்தி நடந்து வந்தால் என்ன மாறும் என்ற கடைசி மறுப்புக்கும் விடை இருக்கிறது: ஓர் ஆம்புலன்ஸ் வளைந்து திரும்ப, முச்சந்தியில் நிற்கும் அந்த ஒரு வண்டி இல்லாமல் இருந்தால் போதும்.

ஆலய நிர்வாகங்களுக்கு என் வேண்டுகோள் இது. திருவிழாவுக்கு அன்னதானக் குழுவும் தண்ணீர்ப் பந்தல் குழுவும் அமைக்கும் அதே கூட்டத்தில் தெருவைக் காக்க ஒரு குழுவையும் அமையுங்கள். அழைப்பிதழில் பூசை நேரத்துக்குக் கீழே, வண்டியை எங்கே நிறுத்தலாம், எந்தெந்த இடத்தில் நிறுத்தக் கூடாது என்பதையும் அச்சிடுங்கள். யாருடைய கேட்டையாவது ஒரு வண்டி மறித்து நின்றால், அபிஷேகம் நடந்துகொண்டிருந்தாலும், ஒலிபெருக்கியில் அதன் எண்ணைச் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள்.