அந்நியம் யாருடையது?

கிதார் பயிற்சி நூல்களில் சில ஸ்வர வரிசைகளை 'எக்ஸாட்டிக்' என்று தலைப்பிட்டுத் தனியே ஒதுக்கியிருப்பார்கள். ஹங்கேரியன் மைனர் அவற்றில் ஒன்று. ஒரே தந்தியில் வாசித்தால் 0, 2, 3, 6, 7, 8, 11, 12 என்று ஃப்ரெட்டுகளில் விரல் போகும். 3-க்கும் 6-க்கும், 8-க்கும் 11-க்கும் நடுவிலுள்ள அகன்ற இடைவெளிகளையே காது அந்நியமாக உணர்கிறது. இந்த அந்நியம் ஸ்வரத்தின் குணமா, கேட்பவன் நிற்கும் தூரமா?

பெயரே சந்தேகத்துக்குரியது. ஹங்கேரிய இசையாக அறியப்பட்டது ஜிப்ஸிகளின் படைப்பே என்று 1859-ல் வெளியான தம் நூலில் லிஸ்ட் வாதித்தார். பின்னர் பார்ட்டோக்கும் கோடாயும் ஃபோனோகிராஃபுடன் கிராமங்களுக்குப் போனார்கள். உழவர்களின் மிகப் பழைய பாடல்களுக்கு ஐந்து ஸ்வர வரிசையே அடித்தளம் என்று கண்டார்கள். ஜிப்ஸி இசை என்று நகரத்தார் சொல்வது, ஹங்கேரியர்கள் இயற்றி ஜிப்ஸிக் குழுக்கள் வாசித்த ஜனரஞ்சகப் பாட்டுதான் என்று 1931-ல் பார்ட்டோக் எழுதினார். ஆக, ஒரு தேசத்தின் பெயரைத் தாங்கிய வரிசை அதன் உழவர்களுடைய பழம்பாடலின் அடித்தளம் அல்ல.

நமக்கு இன்னொரு சௌகரியம் இருக்கிறது. இதே ஸ்வரஸ்தானங்கள்தாம் 57-வது மேளமான சிம்மேந்திரமத்யமத்துக்கும். 'நம்முடையதுதானே' என்று சொல்லி நிம்மதியாகிவிடலாம். ஆனால் ராகம் ஸ்வரஸ்தானங்களின் பட்டியல் இல்லை. கமகமும் பிடிகளும், எந்த ஸ்வரத்தில் நிற்பது என்ற தீர்மானமும் சேர்ந்தே ராகம். லிஸ்ட்டின் வரிசையைத் தாங்கி நிற்பவையோ கார்டுகள். அயலானது என்று வியப்பதும் நம்முடையது என்று அணைப்பதும் காது கொடுக்காமலிருக்க இரண்டு வழிகள்.

பயிற்சி இந்த இரண்டையும் கரைக்கிறது. நூறு தடவை வாசித்தபின் 3-லிருந்து 6-க்குத் தாவுவதில் ஆச்சரியம் மிஞ்சுவதில்லை. இதைக் கொண்டு என்ன சொல்லப் போகிறோம் என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது. பலர் சரியாக அந்த இடத்தில் அடுத்த பக்கத்து வரிசைக்குப் போய்விடுகிறார்கள். ஆச்சரியத்தைக் காப்பாற்றிக்கொள்ள அறிமுகத்தோடு நின்றுவிடுவது அவர்கள் முறை. பிறர் வாழ்வு அவர்களுக்கு ஊறுகாய்.

அதற்காக, பயிற்சி சொந்தம் கொண்டாடும் உரிமையைத் தந்துவிடுவதில்லை. யாரிடம் பெற்றோம் என்பதை மறக்கவிடாத கடனாகவே அது கூடிக்கொண்டு போகிறது. நம் கவிதைக்குள் ஹைக்கூவும் சர்ரியலிஸமும் வந்த விதத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். எத்தனை பேர் ஆச்சரியம் தீர்ந்த பிறகும் அங்கே தங்கினார்கள்?