தரவரிசையும் தலைவிதியும்

பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்குமா? பட்டியல் வரும்வரை மாணவனுக்கு உறக்கமில்லை, பெற்றோர்க்கு அமைதியில்லை. அந்த அச்சத்தையே முதலாக்கிக் கடை விரிக்கிறான் சோதிடன்!

தோழனே, தமிழகத்தில் தரவரிசையைத் தீட்டுவது சனியா, குருவா? கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200. இறுதிவரை இருவர் சமமாக நின்றால், கணினி தரும் சமவாய்ப்பு எண். இடங்களைப் பங்கிட 69 விழுக்காடு இடஒதுக்கீடு. அத்தனையும் மனிதர் வகுத்தவையன்றோ!

கலங்குவது இழிவன்று, அறிவைச் சாதகக் கட்டத்தில் அடகு வைப்பதே இழிவு. மதிப்பெண் முடிந்த கதை. கல்லூரிகளை ஆராய்ந்து விருப்ப வரிசையை எழுதுவது இன்னும் உன் கையில். கிடைக்காவிடினும் இழப்பது ஓர் இடமே, அறிவன்று, மானமன்று. பட்டியல் உன் மதிப்பெண்ணை அளக்கும், உன்னை அளக்குமோ?