மரத்தை வெட்டுவதும் காருண்யமாகுமோ?

ஓருயிரையும் வருத்தாமல் வாழ்வதே அறங்களுள் தலையாயது என்று சமண முனிவர் காலம் தொட்டு வடலூர் வள்ளலார் காலம் வரை நம் நாட்டுச் சான்றோர் இடைவிடாது வற்புறுத்தி வந்திருக்கின்றனர். அந்நெறியில் உள்ளம் தோய்ந்த ஒருவர் நீலகிரியின் மேல்மலைக்குச் சென்று, தழைத்து நிற்கும் சீகை மரங்கள் மலையின் நன்மைக்காகவே வெட்டி வீழ்த்தப்படுவதைக் காண்பாராயின், அவர் நெஞ்சில் ஒரு தர்மசங்கடம் எழுவது இயல்பே. மரமும் உயிர்தானே, அதனைக் கொல்வது எங்ஙனம் காருண்யமாகும்?

இவ்வினாவுக்கு விடை காண, அம்மலையின் பழைய அமைப்பை முதலில் அறிதல் வேண்டும். முக்கூர்த்தியைச் சூழ்ந்த உயர்ந்த மலைப்பரப்பில், நீரோடும் பள்ளங்களில் அடர்ந்த சோலைகளும், அவற்றைச் சுற்றியுள்ள மேடுகளிலும் சரிவுகளிலும் திறந்த புல்வெளிகளும் அருகருகே நிலைபெற்றிருந்தன. சோலையின் கன்றுகள் நிழலில்தான் வளரும். வெளியில் முளைத்தால் பனிக்கால இரவுகளில் விழும் உறைபனி அவற்றைக் கருக்கிவிடும். புல்லோ மேலே கருகினும் வேரில் உயிரை வைத்து மீண்டும் தளிர்க்கும். ஒன்று மற்றொன்றின் எல்லையைக் கடவாமல் நின்ற இவ்விரண்டும் சேர்ந்து, பருவமழையைத் தம்முள் வாங்கி, கோடையிலும் ஓடைகள் வற்றாதவாறு சிறிது சிறிதாக விடுத்து, பவானி முதலிய ஆறுகளுக்கு ஊற்றாக விளங்கின.

அந்தப் புல்லை மேய்ந்து வரையாடு வாழ்கின்றது. சிறுத்தைக்கும் புலிக்கும் அஞ்சிச் செங்குத்தான பாறைகளை அது நாடுவதால், புல்வெளி முழுவதையும் மேய்ந்து தீர்ப்பதில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி, தேனீக்களுக்கு விருந்தளித்து, உண்பார் உண்டபின்னும் எஞ்சுமாறு ஒரே காலத்தில் விதைகளைச் சொரிந்து, பின் தானும் மடிந்து தன் சந்ததிக்கு இடம் விடுகின்றது. மரபில் ஊன் உண்ணாத, அம்மலைக் குடிகளாகிய தோடரும், தம் எருமைகளின் பாலையே புனிதமாகப் போற்றிப் பால்மனையையே கோயிலாகக் கொண்டவராயினும், முதிர்ந்த புல்லுக்குத் தீயிட்டுப் புதுப்புல் வளர்க்கத் தயங்கியதில்லை. உண்பதும் உண்ணப்படுவதும், எரிவதும் தளிர்ப்பதும் அங்கு இடையறாது நிகழ்ந்தன; எனினும் எவ்வுயிரும் மற்றவற்றின் வாழ்வுக்கான இடத்தை முற்றும் பறித்துக்கொள்ளவில்லை. கொலையின்மை அம்மலையின் தர்மம் அன்று; அளவு கடவாமையே அதன் தர்மம்.

அந்த அளவைக் குலைத்தவர் பின்னர் வந்த மனிதர். 1819ஆம் ஆண்டில் கலெக்டர் ஜான் சல்லிவன் இம்மலைக்கு வந்தபின் ஐரோப்பியக் குடியேற்றம் பெருகிற்று. மரமில்லாத புல்வெளி அவர்கள் கண்ணுக்குப் பயனற்ற தரிசாகத் தோன்றியது. விறகுக்கெனக் கற்பூர மரமும் சீகையும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தன. சுதந்திரத்திற்குப் பின்னரும், தோல் பதனிடும் பட்டைக்காகவும் ஆலைகளுக்கு வேண்டிய மரக்கூழுக்காகவும் நம்மவரே அவற்றைப் புல்வெளிகளில் பெருமளவில் நட்டனர். மரம் நடுதல் புண்ணியம் என்ற எண்ணம் அப்பணிக்கு ஒளியும் தந்தது. நட்ட இடத்தோடு சீகை நிற்கவில்லை. அதன் விதைகள் பல்லாண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடந்து தீயின் வெம்மையில் விழித்தெழுகின்றன. அதன் வேர்கள் மண்ணின் தன்மையையே மாற்றுகின்றன. அதன் நிழலில் புல் மடிகின்றது. புல் மடிந்த இடத்தில் வரையாட்டுக்கும் தோடர் எருமைக்கும் மேய்ச்சல் இல்லை.

ஆகவே, தனி உயிரிடத்துக் காட்டும் இரக்கம் ஒன்றே காருண்யத்தின் முழுமை ஆகாது. வியஷ்டியாகிய ஒவ்வோர் உயிரும், உயிர்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் சமஷ்டியிலன்றி வாழ இயலாது. இளமையில் ஓநாய்களைச் சுட்ட அமெரிக்க வனத்துறையாளர் ஆல்டோ லியோபால்ட், ஓநாய்கள் ஒழிந்த மலைகளில் மான்கள் பெருகிப் பசுமையெல்லாம் தின்று தீர்த்ததைக் கண்டு மனம் மாறினார். மண்ணும் நீரும் செடியும் விலங்கும் சேர்ந்த சமூகத்தின் நலனே செயலின் நன்மை தீமையை அளக்கும் கோல் என்று, அவர் மறைந்தபின் 1949இல் வெளிவந்த தம் நூலில் நிறுவினார்.

ஆயினும் அக்கோலைத் தடையின்றி நம் கையில் எடுத்துக்கொள்வது பேராபத்து. முழுமையின் பொருட்டுப் பகுதியைப் பலியிடலாம் என்ற வாதம், எளியோரை அவர்தம் நிலத்திலிருந்து வெளியேற்றுவதற்கும் துணைபோகக் கூடும். சிருஷ்டியின் நீதிபதியாக அமர்ந்து, இவ்வுயிர் வாழ்க, அவ்வுயிர் மாய்க என்று தீர்ப்புக் கூற நமக்கு அதிகாரம் இல்லை. சீகையை வெட்டும் உரிமை வேறிடத்தில் பிறக்கின்றது. அதனைக் கொணர்ந்து நட்டவர் மனிதராகிய நாம். அதனால் விளைந்த தீங்கு நம் கடன். சீகை எப்பாவமும் அறியாது. அதனை அகற்றுதல் தண்டனை அன்று, நம் பிழைக்கு நாம் செய்யும் பிராயச்சித்தம்.

பிராயச்சித்தமெனின் அதற்குரிய நியமங்களும் உண்டு. வெட்டியதோடு கடமை தீர்ந்ததென்று எண்ணுவோமாயின், வெட்டவெளியில் சீகைக் கன்றுகளே ஆயிரமாயிரமாக முளைக்கும். ஆண்டுதோறும் அவற்றைக் களைந்து, மலைப்புல்லை மீட்டு வளர்க்கும் பொறுமை வேண்டும். சில இடங்களில் சீகையின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தலைதூக்குகின்றன. அங்குக் கோடரியை நிறுத்தும் விவேகமும் வேண்டும். 2022இல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்கள் குறித்து வகுத்த கொள்கை, அகற்றுதலோடு சூழலை மீட்டெடுத்தலையும் ஒருங்கே வைத்தது பொருத்தமே. தேயிலையும் வெளியிலிருந்து வந்த செடிதான். ஆயினும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் எண்ணற்ற தொழிலாளரும் சிறு விவசாயிகளும் அதனால் உண்கின்றனர். அங்குக் கடமை செடியைப் பெயர்ப்பதன்று. தோட்டங்களுக்குள் வரும் காட்டெருமைக்கு வழிவிடுவதும், எஞ்சிய சோலைத் துண்டுகளையும் ஓடைக்கரைகளையும் காப்பதுமே ஆகும்.

வீழும் மரத்திற்காக வருந்தும் உள்ளம் தவறான உள்ளம் அன்று. அவ்வருத்தம் இல்லாதவன் கையில் கோடரியை ஒப்படைத்தலே தவறு. இரங்கிக்கொண்டே செய்ய வேண்டிய செயல்களும் உலகில் உண்டு என்பதை ஏற்று, அவற்றை அளவறிந்து செய்து, செய்தபின் மலை தன் பழைய ஒழுங்கை அடையும் வரை உடனிருந்து உழைப்பவனே ஜீவகாருண்யத்தை முழுமையாகக் கடைப்பிடித்தவன் ஆவான்.